மொட்டை மரங்களும் நம்ம ஊர் பனிக்காலமும்



மார்கழி பிறந்ததிலிருந்து நான் இங்கே போடுகிற படங்களைப் பார்த்துவிட்டு இதுவரை ஏழு பேர் போன் செய்துவிட்டார்கள். நாலு பேர் சொந்தம், மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். எல்லோரும் சுற்றி வளைத்துக் கேட்டது ஒரே கேள்விதான். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே டீச்சர்?" "மனசு கினசு சரியில்லையா சித்தி?" என் நாத்தனார் மட்டும் நேரடியாகவே கேட்டுவிட்டாள்: "பொங்கலும் அதுவுமா மொட்டை மரத்தைப் போட்டா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க மதினி?"

அவள் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலி மட்டும் பனிக்குக் கொஞ்சம் கூடுதல். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் நடக்கச் சொன்னது டாக்டர். நடக்கிற நேரத்தில் போனில் படம் எடுக்க ஆரம்பித்தது நான். இந்த வருஷம் எடுத்ததில் பதினொன்றைத் தேர்ந்தெடுத்து இந்தப் பதிவோடு சேர்த்திருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். நாற்பத்தைந்து நிமிஷப் பாடத்துக்கு உட்கார்ந்தவர்கள்தானே, உட்கார்ந்து படியுங்கள்.

கனடாவில், டொரண்டோவில் இருக்கும் நம்ம மாணவன் ஒருவன் போன மாதம் அவன் வீட்டு வாசல் மேப்பிள் மரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கிளையெல்லாம் வெள்ளைப் பனி, கீழே ஒரு முழம் பனி. "டீச்சர், நம்ம ஊர்ல இப்படி ஒரு சீசனே கிடையாதே" என்று எழுதியிருந்தான். அங்கிருந்துதான் இந்த எண்ணம் தொடங்கியது. நம்ம ஊரிலும் பனிக்காலம் உண்டு. ஒன்றில்லை, இரண்டு. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று பழைய தமிழ் இலக்கணத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்ம பனி தரையில் கட்டிக் கிடக்காது. வயல் மேல் ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும். வெயில் பட்டதும் போய்விடும். அதனால் அது இல்லை என்று ஆகிவிடாது.

நம்ம மரங்களும் இலை உதிர்க்கும். ஆனால் காரணம் வேறு மாதிரி. பத்தாம் வகுப்பில் நீராவிப்போக்கு நடத்தும்போது சொன்னது யாருக்காவது நினைவிருக்கிறதா? வேர் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. இலைத்துளை வழியாக அது ஆவியாகிப் போகிறது. மரம் செலவு செய்கிற தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியாகத்தான் போகிறது. கார்த்திகையோடு வடகிழக்குப் பருவமழை அனேகமாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு நமக்குக் கோடை மழை வரும்வரை வறட்சிதான். வரவு நின்ற பிறகு செலவைக் குறைக்க வேண்டாமா? இலைக்காம்பு கிளையோடு சேருகிற இடத்தில் மெல்லிய ஓர் அடுக்கு உருவாகிறது. இலையில் இருக்கிற சத்தில் எடுக்க முடிந்ததை மரம் முன்னாலேயே உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு சின்னக் காற்றுக்கு இலை கழன்று விழுகிறது. காயம் கிடையாது; இடம் முன்பே மூடியிருக்கும்.

டொரண்டோ மரத்துக்கும் ஒருவகையில் இதே கதைதான். அங்கே தண்ணீர் இருக்கிறது, ஆனால் மண்ணுக்குள் உறைந்து கிடக்கிறது. வேரால் எடுக்க முடியாது. போதாததற்குக் குளிரில் இலை தாங்காது, வெளிச்சமும் குறைவு. அந்த மாணவனுக்கு இதைத்தான் எழுதினேன்: "உன் வாசல் மரத்துக்குத் தண்ணீர் உறைந்துபோச்சு, நம்ம ஊர் மரத்துக்குத் தண்ணீர் வத்திப்போச்சு. ரெண்டும் ஒரே கணக்கைத்தான் போடுது."

இனி படங்களுக்கு வருகிறேன்.

நம்ம பள்ளத்தாக்கில் பனியைப் படம் எடுக்க ஒரு வசதி இருக்கிறது. கிழக்கே மேகமலை நிற்பதால் சூரியன் உதித்த பிறகும் வெயில் ஊருக்குள் வர நேரமாகும். வானம் வெளுத்திருக்கும், ஆனால் தரையில் வெயில் இருக்காது. அந்த அரை மணி நேரம்தான் நேரம். ஆறரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஏழேகாலுக்குள் முடித்துவிட வேண்டும். தை மாதக் காலையில் போன் 17, 18 டிகிரி காட்டும். கனடாக்காரர்கள் சிரிக்காதீர்கள். நமக்கு அது மஃப்ளர் போடுகிற குளிர்.

முதல் இரண்டு படங்களும் வயல் நடுவே நிற்கிற ஒரே மரம். ஒன்று பனியில் எடுத்தது, மற்றது வெயில் வந்த பிறகு எடுத்தது. இரண்டாவதைப் பார்த்தால் மரம் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். பின்னால் தென்னை, அதற்குப் பின்னால் மலை, நடுவில் மின்கம்பம், எல்லாம் சேர்ந்து கிளைகளை மறைத்துவிடுகின்றன. பனி இருக்கும்போது பின்னால் இருப்பதெல்லாம் வெளுத்துப் போகிறது. மரம் மட்டும் தனியாக நிற்கிறது. இலையில்லாத மரத்தை எடுக்க இதுதான் முதல் பாடம்: பின்னால் ஒன்றும் இருக்கக் கூடாது. பனி இல்லாத நாளில் வாய்க்கால் பள்ளத்தில் இறங்கி, கீழே இருந்து வானத்தைப் பின்னணியாக வைத்து எடுக்கலாம். முட்டி ஒத்துழைத்தால்.

இரண்டாவது பாடம், போன் தானாக வெளிச்சம் கூட்ட விடக் கூடாது. போனுக்கு இருட்டைக் கண்டால் பிடிக்காது, எல்லாவற்றையும் பகல் மாதிரி ஆக்கிவிடும். திரையில் வானத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் கிளை கறுப்பாகக் கோடு போட்ட மாதிரி வரும். அந்த நேரத்து நீல நிறத்தையும் மாற்றாதீர்கள். பனிக்காலக் காலை அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

சிலவற்றைக் கருப்பு வெள்ளையில் போட்டிருக்கிறேன். அதற்கு எனக்கு ஒரு முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன் என்ற காட்டுயிர் எழுத்தாளரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912ல் பிறந்து 1996ல் மறைந்தவர். யானைகளைத் தேடிக் காடு காடாக அலைந்து கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கனத்த கேமராவை உருவாக்கி வைத்திருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ் 1948ல் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பனி மூடிய ஓக் மரம் ஒன்றை எடுத்தார். அதுவும் கருப்பு வெள்ளைதான். நிறம் போனால் மரத்தின் எலும்பு தெரியும் என்பதை இவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது படம் இலவமரம். போடிப் பக்கமும் கடமலைக்குண்டு, வருசநாட்டுப் பக்கமும் இருப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. உங்கள் வீட்டு மெத்தையும் தலையணையும் அங்கிருந்து வந்தவைதான். இலை இருக்கும்போது இலவமரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இலை உதிர்ந்ததும் அதன் கட்டுமானம் தெரிகிறது. ஒரே நடுத்தண்டு, நேராக மேலே போகும். ஒவ்வொரு மட்டத்திலும் மூன்று நாலு கிளைகள் பக்கவாட்டில் படுத்தமாதிரி நீளும். தேர்க்கால் ஆரம் மாதிரி, அடுக்கடுக்காக. வெறுங்கிளையில் காய் மட்டும் தொங்கும். இளமரத்தின் தண்டு பச்சையாக இருப்பதைப் பாருங்கள். அதில் பச்சையம் இருக்கிறது. இலை இல்லாத மாதங்களிலும் பட்டை கொஞ்சம் சமையல் செய்துகொண்டிருக்கும். இலவு காத்த கிளி என்று கிளியைக் கேலி செய்கிறோம். பழம் வரும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சு வந்தது ஏமாற்றம்தான். காய் பறிக்கிற குடும்பத்துக்கு அந்தப் பஞ்சுதான் வருஷக் கூலி.

நாலாவது, குமுளி மலைச்சாலையில் எடுத்த முள்ளிலவு. இதற்கும் இலை இல்லை, ஆனால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. இலை மறைக்காததால் பறவைக்குத் தூரத்திலிருந்தே தெரியும். மைனாவும் கரிச்சானும் காக்கையும் தேன் குடிக்க வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கீழே சாலையில் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமிகள் வேனை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் நம்ம ஊர்ச் சாலையே அவர்களுடையதுதானே. அந்தப் படத்தில் ஒரு சாமி மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சொல்லி நிற்கவைத்தது இல்லை, தானாகவே பார்த்தார்.

ஐந்தாவது வாதாமரம். பள்ளிக்கூடத்தில் வாதாங்கொட்டை பொறுக்கி, கல்லில் வைத்து உடைத்து, கையை நசுக்கிக்கொண்டு முதலுதவிப் பெட்டிக்கு ஓடிவந்தவர்கள் எல்லாம் இதைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மரங்கள் மாதிரி இலை சிவந்து விழுகிற மரம் நம்ம ஊரில் எது என்று தேர்வில் கேட்டால் இதை எழுதலாம். தரையெல்லாம் செம்பும் மஞ்சளுமாகக் கிடக்கும். காலையில் பெருக்க வருகிற அம்மா, "இந்த மரத்துக்கு வேற வேலையே இல்லையா டீச்சர்" என்று திட்டிக்கொண்டே பெருக்குவார். அவர் பெருக்குவதற்கு முன்னால் போனால்தான் படம்.

ஆறு, ஏழு இரண்டும் திராட்சைத் தோட்டம். மொட்டை மரம் என்று சொல்லிவிட்டுத் திராட்சைக் கொடியைப் போடுகிறீர்களே என்று கேட்கலாம். இதுதான் நம்ம ஊருக்கே உரிய மொட்டை. திராட்சை குளிர்நாட்டுப் பயிர். அங்கே அது பனிக்காலத்தில் தானாக இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், வருஷத்துக்கு ஒரு காய்ப்பு. கம்பத்தில் அந்த அளவு குளிர் இல்லை. கொடி தூங்கவே தூங்காது. ஆகவே நம்ம விவசாயி அதற்குக் கத்தரிக்கோலால் ஒரு பனிக்காலத்தை உண்டாக்குகிறார். அதுதான் கவாத்து. இலையெல்லாம் போய், பந்தலில் பழுப்புக் குச்சிகள் மட்டும் நிற்கும். வெட்டிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். கொடி அழுகிறது என்பார்கள். வேர் உயிரோடு தண்ணீர் தள்ளுகிறது என்பதற்கு அது அடையாளம். கவாத்து அடித்து ஏறத்தாழ நாலு மாதத்தில் குலை வெட்டலாம். அதனால் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது அடுத்த தோட்டம் மொட்டையாக நிற்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் போனால் ஒரே வரப்பில் நின்று இரண்டையும் எடுக்கலாம். அந்த இரண்டு படங்களும் அப்படி ஐந்து நிமிஷ இடைவெளியில் எடுத்தவை. 2023ல் நம்ம பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் குலையின் படத்தைப் பகிர்ந்தீர்கள். கவாத்து அடித்த பந்தலின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எட்டாவது படம்தான் நிறையப் பேரைப் பயமுறுத்தியது. தண்ணீருக்கு நடுவே கறுத்துப்போன மரங்கள், ஒன்றில்கூட இலை இல்லை, மேலே பனி. தேக்கடி ஏரி அது. அந்த மரங்கள் இனித் துளிர்க்காது. அவை இலையுதிர் மரங்கள் இல்லை, செத்த மரங்கள்தான். 1895ல் பெரியாறு அணையில் தண்ணீர் தேக்கியபோது ஆற்றங்கரைக் காடு மூழ்கியது. மூழ்கிய மரங்களில் பல நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியும் நிற்கின்றன. தண்ணீருக்கு அடியில் காற்று அதிகம் கிடைக்காததால் கட்டை மக்குவது மெதுவாக நடக்கிறது. மேலே தெரிகிற நுனிகளில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் உட்கார்ந்து இறக்கை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும்.

படகில் போகிறவர்கள் யானை தெரிகிறதா என்று கரையைத்தான் பார்க்கிறார்கள். நான் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்பில் இறங்கி, நம்ம வாய்க்கால்களில் ஓடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் ஆதாரம். அதற்கப்பால் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் போகிறது. பென்னிகுக் பிறந்தது 1841 ஜனவரி 15. நம்ம பொங்கல் நாளை ஒட்டி வருகிறது. லோயர் கேம்ப்பில் 2013ல் அவருக்கு மணிமண்டபமும் கட்டியாகிவிட்டது. வீட்டில் அவர் படத்தை மாட்டி, பிள்ளைக்கு அவர் பேரை வைக்கிற ஊர் நம்ம ஊர். நன்றி மறக்காத ஊர்தான். அந்த நன்றியில் ஒரு துளி அந்த மரங்களுக்கும் சேர வேண்டும் என்று தோன்றியதால்தான் பொங்கலன்று அந்தப் படத்தைப் போட்டேன். முதல் படத்தில் இருக்கிற பச்சை வயலும் எட்டாவது படத்தில் இருக்கிற கறுத்த மரமும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன.

ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் ஒரே மரம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில், வாய்க்கால் கரையில் ஒரு வாகை மரம் இருக்கிறது. தூங்குமூஞ்சி மரம் இல்லை, நாட்டு வாகை. தை பிறந்தால் இலை கொட்டிவிடும். ஒரு சாண் நீள நெற்றுகள் மட்டும், காய்ந்து வெளுத்து, மரம் முழுக்கத் தொங்கும். காற்று வந்தால் ஒரு சத்தம் எழும் பாருங்கள், சலசலவென்று, யாரோ கூட்டமாகக் கைதட்டுகிற மாதிரி. எங்கள் ஆசிரியர் அறையில் இருந்த தமிழய்யாதான் சொன்னார், குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் இந்தச் சத்தம் வருகிறது என்று. ஓர் இளைஞனும் பெண்ணும் மூங்கில் காட்டு வழியாக நடந்து போகிறார்கள். காற்றில் வாகை நெற்று ஒலிப்பது, கயிற்றின் மேல் ஆடுகிறவர்களுக்கு அடிக்கிற பறை போல இருக்கிறதாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மொட்டை மரத்தடியில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

மூன்று வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாசி மாதக் காலையில் அந்த மரத்தடியில் ஒரு லாரியும் நாலு ஆட்களும் இருந்தார்கள். மரத்தில் சுண்ணாம்பால் ஒரு எண் போட்டிருந்தது. என்ன என்று கேட்டேன். "பட்டுப்போன மரம்மா. பிள்ளைக போற பாதை, விழுந்தா ஆபத்து. எடுக்கச் சொல்லி உத்தரவு" என்றார் பொறுப்பாக வந்தவர். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பார்த்தால் பட்ட மரம் மாதிரிதான் இருந்தது. போன மழைக்கு ஒரு மரம் விழுந்து ஆட்டோ நசுங்கியது அவருக்கும் தெரியும்.

நான் தாழ்ந்திருந்த ஒரு சிறு கிளையை எடுத்து நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை. பட்ட கிளை என்றால் பழுப்பாக, காய்ந்து இருக்கும். வளைத்தால் படக்கென்று ஒடியும். இது வளைந்தது. "பங்குனி கடைசியில துளிர்க்கும் தம்பி" என்றேன். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "எழுத்துல வந்திருக்கே டீச்சர்" என்றார்.

அப்போதுதான் போனை எடுத்தேன். அதற்கு முந்தின வருஷம் நடைக்குப் போகும்போதெல்லாம் அதே இடத்தில் நின்று எடுத்த படங்கள் அதில் இருந்தன. தை மாதத்தில் மொட்டை. மாசியிலும் மொட்டை. பங்குனிக் கடைசியில் நுனியெல்லாம் இளம்பச்சை. சித்திரையில் மரம் நிறைய இலை, பொடிப்பொடியாக வாசனைப் பூ. ஒவ்வொரு படத்திலும் தேதி இருந்தது. இயந்திர ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பையன் எட்டிப் பார்த்தான். அவன் என்னிடம் படித்தவன் என்று அப்போதுதான் தெரிந்தது. "சார், இந்த மரத்தடியிலதான் நாங்க பஸ்ஸுக்கு நிப்போம். பரீட்சை முடியிற சமயத்துல பூத்திருக்கும் சார்" என்று மேலதிகாரியிடம் சொன்னான். நான் சொன்னதைவிட அவன் சொன்னதுதான் எடுபட்டது.

அவர் சித்திரை வரை பொறுத்துப் பார்ப்பதாகச் சொல்லி, அந்தப் படங்களைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். காய்ந்துபோன ஒரு பெருங்கிளையை மட்டும் வெட்டிவிட்டுப் போனார்கள். அதை வெட்டியதும் சரிதான், அது உண்மையிலேயே பட்டிருந்தது. பங்குனி இருபத்திரண்டாம் தேதி முதல் துளிர். அன்றே படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒரு கும்பிடு போடுகிற பொம்மை பதிலாக வந்தது. மரம் இன்றும் நிற்கிறது. ஒன்பதாவது படம் அந்த வெட்டுக்காயம். பத்தாவது இந்த வருஷம் தையில் நெற்றோடு எடுத்தது. பதினொன்றாவது போன சித்திரையில் பூத்தபோது எடுத்தது.

எல்லா மரத்துக்கும் இப்படி நடப்பதில்லை. சாலையை அகலப்படுத்தியபோது போன மரங்களை உங்களில் ஊருக்கு வருகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். போன வருஷம் சென்னையிலிருந்து வந்த ஒரு மாணவி, "இங்க ஒரு பெரிய புளியமரம் இருந்துச்சுல்ல டீச்சர், இல்ல நான் வேற ஊரோட குழப்பிக்கிறேனா?" என்று கேட்டாள். குழப்பமில்லை, இருந்தது. சாலை வேண்டும்தான், ஆம்புலன்ஸ் சீக்கிரம் மதுரைக்குப் போக வேண்டும் என்று நானே ஒரு ராத்திரி தவித்திருக்கிறேன். ஆனால் இருந்த ஒன்றை இருந்ததா இல்லையா என்று சந்தேகப்படுகிற நிலைக்கு ஒரு பத்து வருஷத்தில் வந்துவிடுகிறோம். படம் இருந்தால் அந்தச் சந்தேகம் வராது.

இப்போது நாத்தனாருக்குப் பதில்.

பட்ட மரம் என்ற சொல்லை நம்ம ஊரில் மரத்துக்கு மட்டும் சொல்வதில்லை. அவர் போய் நாலு வருஷமாகிறது. அந்த முதல் தையில் எனக்கு முன்னாலேயே, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை இரண்டு பேர் சொன்னார்கள். நல்ல காரியத்துக்கு என்னை முன்னால் நிற்கவிடாமல் நாசூக்காக நகர்த்தியவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கேட்டுப் பழகிய சொல், பார்த்துப் பழகிய வழக்கம். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு, தப்பான இடத்தில் ஒரு சொல்லைப் போட்டால் திருத்தாமல் இருக்க முடியாது. இலை இல்லாததும் உயிர் இல்லாததும் ஒன்றில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பட்டையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அதற்கு யாராவது பக்கத்தில் வர வேண்டும்.

நானும் சோகத்தை மறைத்துக்கொண்டு மரம் துளிர்க்கும் என்று வசனம் பேசவில்லை. தேக்கடி மரங்கள் துளிர்க்காது. அவர் திரும்பி வரப்போவதில்லை. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிற நாள் இன்னும் வருகிறது. அது அது அதன் இடத்தில் இருக்கட்டும். பனியில் ஒரு மரம் தனியாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடங்குகிறது. கிளை கிளையாக அது எப்படி வளர்ந்தது என்பது முழுசாகத் தெரிகிறது. எந்த வருஷம் எந்தப் பக்கம் ஒடிந்தது, எங்கே திரும்பி மறுபடி மேலே போனது, எந்தக் கவையில் காக்கை கூடு கட்டியது எல்லாம் தெரிகிறது. இலையோடு இருக்கும்போது நிழல் கொடுக்கும். அப்போது நாம் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. அதனால்தான் எடுக்கிறேன். பொங்கலன்றும் எடுப்பேன், அடுத்த பொங்கலன்றும். என்ன மதினி படம் வரலையே என்று அப்போது கேட்டால் போதும்.

கடைசியாக வீட்டுப்பாடம். வயசானாலும் விடமாட்டேன்.

உங்கள் வாசலிலோ தெருவிலோ பிள்ளையின் பள்ளிக்கூடத்திலோ ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு மரம் போதும். மாதம் ஒரு படம், ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை பார்த்து. நின்ற இடம் மறக்காமல் இருக்க ஒரு கல்லையோ கேட்டையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். போனில் தேதி தானாகப் பதியும். அதை அழிக்காதீர்கள். பன்னிரண்டு படம் சேர்ந்தால் உங்கள் மரத்தின் வருஷம் உங்கள் கையில் இருக்கும். எப்போது உதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது, எப்போது பூக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். நாளைக்கே ஒருவர் வந்து "இது பட்ட மரம்" என்றால் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். துபாயில் இருப்பவர்கள் பேரீச்சை இலை உதிர்க்காதே என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். அங்கே வேப்பமரமும் நட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

இது மாசி. கோயில் அரசமரங்கள் இனி இலை கொட்டத் தொடங்கும். அரசு ரொம்ப நாள் மொட்டையாக நிற்காது, சில நாளிலேயே செம்புநிறத் துளிர் விட்டுவிடும். எடுக்க நினைப்பவர்கள் சாக்குச் சொல்லாமல் இந்த வாரமே போங்கள். வேப்பமரம் அதற்குப் பின்னாலேயே வரிசையில் நிற்கிறது.

மரத்தின் பேர் தெரியாவிட்டால் இலையையும் பட்டையையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எனக்கும் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்டுச் சொல்கிறேன். பனியில் போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். சின்னப்பிள்ளைகளை வெயில் வந்த பிறகு கூட்டிப் போங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கம்பம்